துணை பட்ட கடனை இருவராக அடைப்பது எப்படி?

கணவரின் கடனட்டைக் கடனோ மனைவி கிழமைக்குக் கிழமை கட்டுகிற குழுக்கடனோ வெளியில் வந்ததும் யாழ்ப்பாணத்து வீடுகளில் வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். காப்பைக் கழற்றிக்கொண்டு அடைவுக்குப் போவார்கள். அல்லது கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற சகோதரத்துக்குத் தொலைபேசி எடுப்பார்கள். மொத்தத் தொகை எவ்வளவு என்று தெரிவதற்கு முன்பே காசு தேடுகிற வேலை இது. அப்படி அடைத்த அட்டை அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்குள் மறுபடி நிரம்பிவிடும், காப்பும் வங்கியிலேயே கிடக்கும்.

இங்கே சொல்லும் வரிசை வேறு. முதலில் முழுப் பட்டியல். அடுத்து, புதுக் கடன் வரும் வழிகளை அடைப்பது. அதன் பிறகு, எந்தக் கடனில் ஆபத்துக் கூடவோ அதை முதலில் முடிப்பது. நகைக்கு ஒரே ஒரு இடத்தில்தான் வேலை உண்டு. வளவுக்கும் வீட்டுக்கும் இந்தக் கணக்கில் வேலையே இல்லை.

1. கதையை எடுப்பது

பிள்ளைகள் படுத்த பிறகு, மாமியும் அம்மாவும் இல்லாத நேரத்தில் கதையுங்கள். சம்பளம் விழுந்த கிழமை நல்லது. மாதக் கடைசியில் எடுத்தால் கதை சண்டையில் முடியும். “ஏன் வாங்கினனீங்கள்” என்ற கேள்வியை அன்றைக்கு விட்டுவிடுங்கள். “இஞ்சாருங்கோ, ஆரிட்டை எவ்வளவு எண்டு மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தைப் பிறகு பாப்பம்” என்பது போதும். மனைவியின் கடன் என்றால் கணவர் இன்னும் மெதுவாகப் போகவேண்டும். நுண்கடன் நிறுவனம் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் குழுக்கடன் எடுத்த பல பெண்கள் அந்தக் காசை வீட்டுச் சாப்பாட்டுக்கும் பிள்ளையின் ரியூசனுக்கும் செலவழித்துவிட்டு, சொல்லப் பயந்து மற்றொரு குழுவில் எடுத்துத்தான் முதல் குழுவுக்குக் கட்டிவருவார்கள்.

முதல் நாள் சொல்லும் தொகை முழுத்தொகையாக இருப்பது அபூர்வம். கந்தோரில் கூட வேலை செய்பவரிடம் வாங்கிய கைமாற்று, நண்பனுக்கு வைத்த பிணைக் கையெழுத்து, எடுத்துச் செலவழித்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற சீட்டு, இந்த மூன்றும்தான் வழக்கமாக விடுபடும். இவற்றைப் பெயர் சொல்லியே கேளுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துக் கடதாசிகளோடு இன்னொரு முறை இருங்கள்.

2. கொப்பி

எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒரு கடனுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் எழுதவேண்டியவை: யாருக்கு, இன்றைய மீதி, வட்டி வீதம், மாதக் கட்டுத் தொகை, கட்டும் திகதி, யார் பிணை, என்ன ஈடு, கொடுத்திருக்கும் காசோலைகளின் இலக்கங்கள். கடைசி இரண்டும் தொகையை விட முக்கியம் என்பது பிறகு தெரியவரும்.

துணையின் வாய்மொழியைச் சரிபார்க்க இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கை இருக்கிறது. ஊரில் இதைக் ‘கிறிப்’ என்பார்கள். தன் பெயரிலுள்ள அறிக்கையைச் சம்பந்தப்பட்டவர் மட்டுமே எடுக்கலாம். மனைவி கணவரின் அறிக்கையைக் கேட்டு வாங்க முடியாது. தேசிய அடையாள அட்டையோடு இணையத்தில் அல்லது வங்கிக் கிளை ஊடாக விண்ணப்பிக்கலாம். வங்கிக் கடன், அட்டை, லீசிங் மட்டுமன்றி, பிறருக்குப் பிணை நின்ற கடன்களும் அதில் வரும். சீட்டு, கைமாற்று, தனியார் கொடுக்கும் மீற்றர் வட்டிக் கடன் எதுவும் வராது. எல்லா நுண்கடன் நிறுவனங்களும் அதற்குத் தகவல் கொடுப்பதில்லை. ஆகவே அறிக்கை துப்புரவாக இருக்கிறது என்று கொப்பியை மூடிவிடாதீர்கள்.

3. வட்டியை ஒரே பாசைக்குக் கொண்டுவருவது

ஒவ்வொருவரும் வட்டியை ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். தனியாரிடம் “பத்து வட்டி” என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். வருடத்துக்கு 120 வீதம். நிதி நிறுவனம் “இருபத்துநாலு வீதம், பிளாட்” என்றால், 100,000 ரூபாயை ஒரு வருடத்துக்கு எடுத்தவர் 124,000 கட்டுவார், மாதம் 10,333. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் மாதாமாதம் முதல் குறைந்துகொண்டு வந்தாலும் வட்டி முழு ஒரு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் இதே கடன் வருடம் ஏறத்தாழ 41 அல்லது 42 வீதம். அட்டையின் வீதம் மாதாந்தக் கூற்றில் அச்சிட்டிருக்கும், அது மீதிக்குப் போடும் வட்டி. கொப்பியில் எல்லாவற்றையும் ‘மீதிக்கு, வருடத்துக்கு’ என்று மாற்றி எழுதினால்தான் எது எதை விட மோசம் என்று தெரியும்.

அட்டையில் தனியாக ஒரு பொறி இருக்கிறது. கூற்றில் ‘ஆகக்குறைந்த கட்டணம்’ என்று ஒரு தொகை இருக்கும். அதைக் கட்டினால் வங்கி தொந்தரவு செய்யாது, அதனால் பலர் அதையே கட்டுத்தொகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூற்றில் 300,000 மீதி, வட்டி வருடம் 26 வீதம், ஆகக்குறைந்த கட்டணம் 5 வீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 15,000 கட்டவேண்டும். அட்டையை இனித் தொடாமல், மாதம் தவறாமல் அதே 15,000 ரூபாயைக் கட்டிவந்தால் 26ஆம் மாதத்தில் கடன் முடியும். 20,000 கட்டினால் 18 மாதம். ஆனால் கூற்றில் கேட்கிற ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டினால், மீதி குறையக் குறைய அந்தத் தொகையும் குறையும். 26 மாதம் கழித்தும் ஏறத்தாழ 135,000 ரூபாய் அப்படியே நிற்கும். கூற்று கேட்கும் தொகையைப் பார்க்காமல், முதல் மாதத் தொகையையே கடைசிவரை கட்டுவதுதான் இதில் செலவில்லாத வழி.

முழுத்தொகையும் கட்டாத மாதத்தில் வட்டியில்லாக் காலமும் போய்விடும். புதிதாகத் தேய்த்த சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அட்டையால் ஏ.ரி.எம்மில் காசு எடுத்தால் கட்டணமும் உண்டு, அன்றைக்கே வட்டியும் தொடங்கும்.

4. வழியை அடைப்பது

பட்டியல் முடிந்த அன்றே அட்டைகளை வெட்டலாம். ஆனால் தொலைபேசிச் செயலிகளில் சேமித்த அட்டை இலக்கம் வெட்டுப்படாது. சாப்பாடு, வாடகை வாகனம், இணையக் கடை என்று ஒவ்வொன்றாகத் திறந்து நீக்குங்கள். வங்கிக்கு எழுதிக் கடன் எல்லையைக் குறைக்கக் கேளுங்கள்; “எல்லையைக் கூட்டித் தருகிறோம்” என்று அழைப்பு வந்தால் வேண்டாம் என்று சொல்ல இப்போதே தயாராகுங்கள். மனைவியிடம் கணவரின் கணக்கில் எடுத்த இணை அட்டை இருந்தால் அதன் செலவும் கணவரின் பெயரில்தான் விழும், அதையும் நிறுத்துங்கள்.

கடன் செயலிகள் தொலைபேசியிலுள்ள பெயர்ப்பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு நாள் பிந்தினாலும் மாமாவுக்கும் பாடசாலை அதிபருக்கும் அழைப்பெடுக்கக்கூடியவை. இருந்தால் சிறு தொகையானாலும் முதலில் முடித்து, செயலிக்குக் கொடுத்த அனுமதியை எடுத்துவிட்டு அழியுங்கள்.

கடன் தீரும்வரை இருவரும் யாருக்கும் பிணை நிற்பதில்லை என்று முடிவெடுங்கள். உறவுக்காரர் கேட்டால் சொல்ல ஒரே வசனம்: “எங்கடை கடன் முடியுமட்டும் வங்கி எங்களை ஏற்காது.”

5. எதை முதலில்?

வட்டி கூடியதை முதலில் அடை என்பது பொதுவான ஆலோசனை. இங்கே அது பாதிதான் சரி. கடன் தவறினால் எதை இழப்போம் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

உழைக்கிற ஓட்டோவோ படகு இயந்திரமோ லீசிங்கில் இருந்தால் அந்தக் கட்டு ஒரு மாதமும் தவறக்கூடாது. வாகனம் போனால் மற்ற எல்லாக் கட்டும் நின்றுவிடும். வீட்டு உறுதியை வங்கியில் ஈடு வைத்திருந்தால் அதுவும் இதே வகை. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பெரிய கடன்களில் ஈடு வைத்த சொத்தை வழக்குப் போடாமலே இயக்குநர் சபைத் தீர்மானத்தால் ஏலத்தில் விட வங்கிகளுக்கு வழியிருக்கிறது.

காசோலை கொடுத்து வாங்கிய கடன் அடுத்தது. தனியார் வட்டிக்காரர் பலர் கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுக் காசோலையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டப்படி குற்றம். சாதாரணக் கடன் வழக்கு பொலிஸ் முறைப்பாடாக மாறுவது இந்த இடத்தில்தான். கொப்பியில் காசோலை இலக்கம் எழுதச் சொன்னது இதற்காக. காசு கொடுக்கும்போது காசோலையைக் கையில் வாங்காமல் வராதீர்கள்.

பிணையாளி உள்ள கடன் அதற்கடுத்தது. நீங்கள் தவறினால் பிணை நின்ற ஆசிரியரின் அல்லது எழுதுநரின் பெயரும் கிறிப்பில் கெடும், ஊரில் முகம் கொடுக்கவும் முடியாது. குழுக்கடனும் இதில் சேரும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் போட்டுக் கட்டவேண்டிவரும், அவர்கள் அடுத்த ஒழுங்கையில்தான் இருப்பார்கள்.

ஈடும் பிணையும் இல்லாத அட்டைக் கடன் கடைசியில் வரும். தொலைபேசி அழைப்புகள் அதற்குத்தான் கூட வரும், அதனாலேயே பலர் அதை முதலில் கட்டிவிட்டு லீசிங்கைத் தவறவிடுகிறார்கள். அழைப்பின் சத்தத்தை வைத்து வரிசையைப் போடாதீர்கள்.

6. ஒரு மாதிரிக் கணக்கு

இருவரின் உழைப்பு மாதம் 145,000. வீட்டுச் செலவு 75,000. மிச்சம் 70,000. கட்டுகள்: ஓட்டோ லீசிங் 22,000, இரண்டு பிணையாளிகளுடன் எடுத்த வங்கிக் கடன் 14,000, மேலே சொன்ன அட்டைக்கு 15,000, ஒரு லட்சத்துக்குப் பத்து வட்டி 10,000. மொத்தம் 61,000. கையில் 9,000.

இங்கே பத்து வட்டிதான் வீட்டைக் குடிக்கிறது. எத்தனை மாதம் கட்டினாலும் முதல் ஒரு சதமும் குறையாது. வட்டிக்காரர் பலர் முதலைப் பகுதி பகுதியாக வாங்கவும் மாட்டார்கள். நகைக்கு வேலை வருவது இந்த இடத்தில். ஒரு லட்சம் எடுக்கத் தேவையான அளவு நகையை மட்டும் வங்கியில் அடைவு வைக்கலாம். அடைவு வட்டி வருடம் 18 வீதம் என்று வைத்தால் மாதம் 1,500. வட்டிக்காரரை ஒரேயடியாக முடித்துக் காசோலையையும் கையெழுத்துக் கடதாசியையும் வாங்கியாயிற்று. முன்பு வட்டிக்குப் போன 10,000, கையில் மிஞ்சிய 9,000, இரண்டையும் சேர்த்து மாதம் 19,000 அடைவுக்குக் கட்டினால் ஆறாம் மாதம் நகை வீட்டுக்கு வரும். ஏழாம் மாதத்திலிருந்து அந்த 19,000 அட்டையின் 15,000 உடன் சேர்ந்து 34,000 ஆகும். பதினாலாம் மாதத்தில் அட்டையும் முடிந்துவிடும்.

இந்தக் கணக்குப் பிழைக்கிற இடங்கள் உண்டு. அடைவுக்கு வங்கி கொடுக்கும் ஆகக்கூடிய தொகையையும் எடுத்துவிட்டு, மிச்சத்தில் தொலைக்காட்சி வாங்கினால் கணக்கு அங்கேயே முடிந்தது. மருத்துவத்துக்கோ மோட்டார் சைக்கிள் ரயருக்கோ ஒதுக்கு இல்லாவிட்டால் மூன்றாம் மாதமே அட்டை திரும்பக் கைக்கு வரும். ஆகவே முதல் இரண்டு மாதம் அடைவுக்கு 19,000 இல்லாமல் 12,000 கட்டி, மிச்சத்தை வேறு வங்கிக் கணக்கில் போட்டுவையுங்கள். நகை வர ஒரு மாதம் பிந்தும், பரவாயில்லை. அடைவுச் சீட்டில் மீட்புத் திகதியைப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். மீட்க முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால், ஏலத்துக்கு விடாமல் மீட்டு, யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இரண்டு மூன்று நகைக்கடையில் விலை கேட்டு விற்பது இலாபம். ஏலம் போனாலும் கடனும் செலவும் போக மிஞ்சும் காசு உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

அட்டைக் கடனை அடைக்க நகையை அடைவு வைக்கலாமா? வட்டி குறைவுதான். ஆனால் வெறுமையான அட்டை கையில் இருக்கும்போது அது திரும்ப நிரம்பாமல் இருப்பது அரிது. அட்டையை எழுத்தில் மூடியவருக்கு மட்டும் இது பொருந்தும்.

7. வங்கியோடு கதைப்பது

கட்டுத் தவறுவதற்கு முன்பு போங்கள். கடன் பெற்றவர் நேரில் வரவேண்டும். துணை கூடப்போகலாம், அவர் சார்பில் தனியாகக் கதைக்க வங்கி விடாது. சம்பளத்தாளும் கொப்பியிலிருந்து ஒரு பக்கச் சுருக்கமும் கொண்டுபோங்கள். “கஷ்டம், ஏதாவது பாருங்கோ” என்றால் முகாமையாளர் தலையாட்டுவார், ஒன்றும் நடக்காது. “மாதம் 11,000 கட்டலாம், தவணையை இரண்டு வருடம் நீட்டித் தாருங்கள்” என்று தொகையோடு கேட்டால் அவருக்கு மேலிடத்துக்கு அனுப்ப ஒரு விண்ணப்பம் கிடைக்கும்.

அட்டை மீதியைக் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றும் வசதி பல வங்கிகளில் உண்டு. கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்: ஆரம்பக் கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் பழைய வட்டிக்குத் திரும்புமா, முன்கூட்டி முடித்தால் தண்டம் உண்டா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். மறுசீரமைப்புச் செய்தால் அது கிறிப்பில் தெரியும், அடுத்த கடன் சில காலத்துக்கு இலகுவாகக் கிடைக்காது. இந்த நிலையில் அது நட்டமில்லை.

கட்டும் திகதிக்கு மூன்று வேலைநாள் முன்பே கட்டிவிடுங்கள். காசு வைப்பு இயந்திரத்தில் இலக்கம் ஒன்று பிழைத்தாலும் காசு வேறெங்கோ போய் நிற்கும், பிந்தல் கட்டணம் உங்கள் தலையில். துண்டைப் படம் எடுத்துவையுங்கள், இயந்திரத் துண்டின் மை சில மாதத்தில் மறைந்துவிடும்.

8. கையெழுத்துக்கு முன் தேசவழமை

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட தம்பதியருக்கு 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். சீதனமாக வந்த காணி மனைவியின் தனிச்சொத்து. கணவரின் கடனுக்கு அது பொறுப்பாகாது. அந்தக் காணியின் பராமரிப்பு, பயிர்ச்செய்கை, வரி போன்றவற்றுக்காகக் கணவர் பட்ட கடன் மட்டும் விலக்கு. அதே சட்டம் மனைவி தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதத்தையும் கேட்கிறது.

ஆனால் கணவரின் கடனுக்கு மனைவி பிணைக் கையெழுத்து வைத்தாலோ, சீதன வளவை ஈடாகக் கொடுத்தாலோ சட்டம் தந்த இந்தக் காப்பு போய்விடும். அட்டைக் கடனுக்கு வங்கி வழக்குப் போடலாம், வளவை நேரே தொட முடியாது. அதை அடைக்க வளவை ஈடு வைத்துக் கடன் எடுத்தால், ஈடில்லாத கடன் ஈடுள்ள கடனாகிவிடுகிறது. வட்டி குறைகிறது என்பதற்காக வீட்டைப் பணயம் வைக்கவேண்டாம்.

இன்னும் மோசமானது, “சும்மா நம்பிக்கைக்கு” என்று சொல்லித் தனியார் எழுதுவிக்கும் அறுதி உறுதி. ஈட்டு உறுதி வேறு, அறுதி உறுதி வேறு. அறுதியில் காணி அன்றைக்கே கைமாறிவிடும். கடனைக் கட்டி முடித்தாலும் திரும்ப எழுதிக் கொடுப்பது அவருடைய மனம். வாய்ப்பேச்சை நீதிமன்றத்தில் நிறுவ வருடக்கணக்காகும். ஏற்கெனவே எழுதியிருந்தால் இன்னொரு கடதாசியிலும் கையெழுத்து வைக்காமல் சட்டத்தரணியிடம் போங்கள். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது.

9. வெளிநாட்டுக் காசு, சீட்டு, மிரட்டல்

வெளிநாட்டுச் சகோதரம் உதவ முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் காசு துணையின் கைக்கு வராமல் நேரே குறித்த ஒரு கடனுக்குப் போகட்டும், அதுவும் நாலாம் படியில் சொன்ன அடைப்பு முடிந்த பிறகு. சாமத்தியவீட்டுக்கும் வீட்டு மேல்மாடிக்கும் ஏற்கெனவே ஒருமுறை அனுப்பியவர் அவர். மூன்றாம் முறை கேட்க வழியிருக்காது.

சீட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் அதைக் கழித்து வட்டிக் கடனை அடைக்கலாம். கழிவாகப் போகும் தொகைதான் அதற்கு வட்டி. இரண்டு லட்சச் சீட்டை 40,000 கழிவில் எடுத்தால் கையில் வருவது 160,000, கட்டவேண்டியது முழுவதும்.

வங்கியோ நிதி நிறுவனமோ கடன் அறவிடப்போய் அவமானப்படுத்தினால், முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட்டுப் பிரதியை வையுங்கள். பதில் சரியில்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் எடுங்கள். மீற்றர் வட்டிக்காரருக்கு இது செல்லாது. வீட்டு வாசலில் மிரட்டினால் பொலிசில் முறைப்பாடு போடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். துணை நித்திரையில்லாமல், ஆரோடும் கதைக்காமல், “நான் இல்லாட்டி எல்லாம் சரிவரும்” என்கிற மாதிரிப் பேசினால் கணக்கு அன்றைக்கு நிற்கட்டும். தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் தயங்கவேண்டாம்.

10. முடிந்த கடனை மூடுவது

மீதி பூச்சியம் என்றால் அட்டை மூடியதாகாது. எழுத்தில் இரத்துச் செய்யாவிட்டால் அடுத்த வருடம் வருடாந்தக் கட்டணம் விழும், கட்டாமல் விட்டால் அதற்கும் வட்டி. கடன் இல்லை என்ற கடிதத்தை வாங்கி அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். லீசிங் முடிந்தால் வாகனப் பதிவுப் புத்தகத்தை வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் நிறுவனத்தின் பெயரை நீக்குங்கள். ஈடு வைத்த காணி என்றால் வங்கியிடம் உறுதியைத் திரும்ப வாங்குவதோடு நிற்காமல், ஈட்டை விடுவிக்கும் உறுதியை எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியவேண்டும். பதியாமல் விட்டால் பத்து வருடம் கழித்துப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது தோம்பில் (காணிப் பதிவேட்டில்) பழைய ஈடு அப்படியே நிற்கும். பிணை நின்றவருக்கும் கடிதத்தின் பிரதி ஒன்று கொடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கிறிப் அறிக்கையை இன்னொரு தடவை எடுத்து, முடித்த கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் கடிதத்தின் பிரதியோடு கடன் தந்த நிறுவனத்திடமே திருத்தக் கேட்கவேண்டும்.